யூபிலி விழாவும் அடைக்கல வீடும்

(பங்கின் யூபிலி விழாவையொட்டிக் கோவில் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூபிலி விழா என்றதும் நம் மனக்கண்முன் வருபவை கொடியேற்றம், தேர்ப்பவனி, வண்ண விளக்குகள், பேராயர் அவர்களின் கூட்டுத் திருப்பலி, அன்பின் விருந்து, கடைசியாக இந்த விழா மலர். இவையெல்லாம் வேண்டியவைதாம். நன்றி செலுத்தத் தெரியாத பங்கு வளர முடியாது. ஆனால் யூபிலி என்ற சொல் திருநூலில் எங்கே பிறந்தது என்று தேடிப் பார்த்தால், அங்கே தேரும் இல்லை, விளக்கும் இல்லை. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் யூபிலி என்பது நிலத்தையும் வீட்டையும் பற்றிய ஒரு சட்டமாகவே வருகிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் விற்ற காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமையானவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வீட்டைப் பற்றித் தனியாகவே ஒரு விதி இருக்கிறது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம். தவறினால் அது வாங்கியவனுக்கே நிலைத்துவிடும். மதில் இல்லாத சிற்றூர் வீடோ யூபிலி ஆண்டில் உரியவனிடம் திரும்பியே ஆகவேண்டும். பணக்காரன் நகரத்து வீட்டை இழந்தால் வேறு வழி தேடிக்கொள்வான். சிற்றூர் ஏழைக்குக் கூரை போனால் எல்லாமே போய்விடும். சட்டம் அந்த ஏழையின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: நிலம் ஆண்டவருடையது, நாம் அவரிடம் தங்கியிருக்கும் குடித்தனக்காரர்கள்.

எனவே இந்த யூபிலி ஆண்டில் வீட்டைப் பற்றியும், வீடு தேடி வருகிறவர்களைப் பற்றியும் பேசுவது பொருத்தமே என்று எண்ணுகிறேன்.

அன்பார்ந்தவர்களே, குடித்தனக்காரன் என்ற சொல் உலகில் யாருக்குப் புரியாவிட்டாலும் நெய்வேலி மக்களுக்குப் புரியும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள் இருந்த பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது என்ற வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் முதல் நிலக்கரி கிடைத்தது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதுவும் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. மண்வெட்டியோடு வந்தவரும், பட்டயப் படிப்போடு வந்தவரும், நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்களுமாகச் சேர்ந்ததுதான் இந்த நகரம். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் "நெய்வேலி" என்று சொல்கிறோம்? குவார்ட்டர்சில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, திருமணமும் முடித்தவர்கள்கூடத் தாத்தாவின் ஊரைத்தான் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். அந்த மாதம் நெருங்கும்போது ஒரு வீட்டில் எப்படிப்பட்ட கவலை குடியேறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரத்தை விட்டுப் போக வேண்டும். அது யாரையும் குறை சொல்வதற்குரியது அன்று. அடுத்துப் பணிக்கு வருகிறவருக்கும் வீடு வேண்டுமல்லவா? ஆயினும் கூரை நம்முடையதாக இல்லாதபோது மனம் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில மாதங்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

நாம் வருவதற்கு முன்பும் இங்கே ஊர்கள் இருந்தன. இன்று சுரங்கப் பள்ளமாக இருக்கும் இடத்தில் கோவிலும் குளமும் களத்துமேடும் இருந்தன. அந்த மக்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டு விலகிக் கொடுத்த பிறகுதான் நம் வீடுகளில் விளக்கு எரிந்தது. அந்நாளில் நடைமுறையில் இருந்த 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்துக்கு விலை பேசியதே தவிர, போகிறவன் எங்கே போய் இருப்பான் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் நிறைவேறி 2014 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வீட்டை இழந்தவருக்கு வீடு தரவேண்டும் என்று எழுதி வைத்தது; நகர்ப்புறமானால் அந்த வீடு 50 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் அளவு சொன்னது. 119 ஆண்டுகளுக்குப் பிறகு அரசின் சட்டம் லேவியர் நூலின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது திருநூலின் இன்னொரு பக்கத்துக்கு வாருங்கள். யோசுவா நூல் 20-ஆம் அதிகாரம் அடைக்கல நகர்களைப் பற்றிக் கூறுகிறது. கேதேசு, செக்கேம், எப்ரோன், பெட்சேர், இராமோத்து, கோலான் என்று ஆறு நகர்கள். அறியாமல் ஒரு உயிரைக் கொன்றுவிட்டவன், பழிவாங்க வருகிறவர்களுக்குத் தப்பி அங்கே ஓடலாம். இஸ்ராயேலருக்கு மட்டுமல்ல, அவர்களிடையே வாழும் அந்நியருக்கும் இந்த உரிமை உண்டு என்று எண்ணிக்கை நூல் சொல்கிறது. ஓடி வருகிறவன் நகர வாயிலில் நிற்பான். நகரத்து மூப்பர்கள் அங்கே கூடியிருப்பார்கள். அவன் தன் வழக்கை எடுத்துச் சொல்வான். அவர்கள் அவனை உள்ளே சேர்த்துக்கொண்டு, குடியிருக்க இடமும் கொடுக்க வேண்டும்.

இதைச் சற்றுக் கவனியுங்கள். மூப்பர்கள் கூடும் அந்த இடம் இந்நாளைய நகரமன்றம் போன்றது. அங்கே ஒரே தீர்மானத்தில் இரண்டு காரியங்கள் நிறைவேறுகின்றன. "உன்னைப் பிடித்துக் கொடுக்க மாட்டோம்" என்பது ஒன்று. "இதோ, நீ இருக்க இடம்" என்பது மற்றொன்று. பாதுகாப்பும் வீடும் சேர்ந்ததுதான் அடைக்கலம். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை நிறுத்திக்கொண்டால் அது பாதி அடைக்கலமே. இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்.

பாதி அடைக்கலம் என்றால் என்ன என்பதை நம் சொந்த இனத்தாரின் வரலாறே காட்டுகிறது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கங்காணிகளோடு போனார்கள். அங்கே அவர்களுக்குக் கூரை இருந்தது. லயன் என்னும் வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. ஆனால் 1948-ஆம் ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பல லட்சம் பேரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. கூரை இருந்தது, காகிதம் இல்லை. 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பத்து ஆண்டு கழித்துத்தான் பேசினார்கள். மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்ட அந்த மேசையில் அந்த மனிதர்களுக்கு ஒரு நாற்காலியும் போடப்படவில்லை.

இங்கே வந்தவர்களுக்குக் காகிதம் கிடைத்தது. கூரைதான் கிடைப்பது அரிதாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968 முதல் அரசே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அங்கேயும் தோட்டத்து லயன் வீடுதான். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். கேட்ட கதையாக இருக்கிறதல்லவா? நமக்குக் குவார்ட்டர்ஸ், அவர்களுக்கு லயன். நமக்காவது ஓய்வூதியப் பணத்தில் ஒரு மனை வாங்கும் வழி இருந்தது.

அதன்பின் 1983 ஜூலை வந்தது. கொழும்பிலும் பிற இடங்களிலும் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி மக்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். 2010-க்குள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கலம் தேடி வந்ததாக அரசுக் கணக்கு. திரும்பிப் போனவர்கள் போக, 2021-இல் மாநிலத்தின் 108 முகாம்களில் 58,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே 34,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். நம் கடலூர் மாவட்டத்திலும் இத்தகைய முகாம்கள் உண்டு. தற்காலிகம் என்று போட்ட கொட்டகையில் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஓர் எல்லை வேண்டாமா?

நன்மை நடந்தபோது அதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. சிதைந்துபோன 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதன் முக்கியப் பகுதி. அதே நாட்களில் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் முதற்கட்டமாக 3,510 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2022 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகளும், 2023 செப்டம்பரில் பல மாவட்டங்களில் 1,591 வீடுகளும் திறக்கப்பட்டன. பத்தடிச் சதுர அறையில் நாற்பது ஆண்டு முடங்கியிருந்த ஒரு தாய், தனிச் சமையலறையில் முதன்முதலாக உலை வைக்கும்போது அவள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மறுபாதியான காகிதம் என்னவாயிற்று? 2025 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 சனவரி 9-ஆம் நாள் வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். "உன்னைப் பிடித்துச் சிறையில் போடமாட்டோம்" என்ற அளவுக்கு அது ஒரு பாதுகாப்பு, வரவேற்போம். ஆனால் அது குடியுரிமை அன்று. 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியே பேசுகிறது. இலங்கை அதில் இல்லை. ஆகவே வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. அதில் இருப்பவர் வாக்காளர் அல்லர், அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாதவர். நன்றாகப் படித்துப் பொறியியல் முடித்த பிள்ளை, நேர்முகத் தேர்வில் முகாம் முகவரியைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைக் காண்கிறான்.

இதில் ஒரு சிறு வெளிச்சமும் உண்டு. நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அந்த நாளுக்கு முன் ஒரு முகாமில் பிறந்த பெண் ஒருவர் 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். ஆனால் அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால், அதே முகாமின் அடுத்த கொட்டகையில், முகாம்வாசிகளுக்கே பிறந்த பிள்ளை அந்நியர். பிறந்த மண் ஒன்று, குடித்த தண்ணீர் ஒன்று; தேதி மட்டும் வேறு.

அன்பார்ந்தவர்களே, அடைக்கல நகர் என்ற எண்ணம் பழங்கதை ஆகிவிடவில்லை. 1982 மார்ச் மாதத்தில், எல் சால்வடோர், குவாத்தமாலா நாடுகளின் போரிலிருந்து ஓடிவந்தவர்களுக்காக, அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு சிறிய பிரிவினைசபைக் கோவில் தன் கதவைத் திறந்து, இது அடைக்கலத் தலம் என்று வெளிப்படையாக அறிவித்தது. கோவிலில் தொடங்கியது நகரமன்றத்துக்குப் போயிற்று. 1985-இல் சான் பிரான்சிஸ்கோ தன்னை அடைக்கல நகரம் என்று தீர்மானித்தது. 1989-இல் அதையே சட்டமாக்கியது. குடியேற்ற அதிகாரிகளுக்கு ஆள் காட்டிக் கொடுப்பது நகர ஊழியரின் வேலை அன்று என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றமும் அத்தகைய சட்டத்துக்கு ஒருமனதாக வாக்களித்தது. அதே நகரத்து மக்கள் 2022-இல், 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் மீது ஒரு வரி விதித்து, எளியவர்க்கு வீடு கட்ட அதைச் செலவிடுவதென்று வாக்களித்திருந்தார்கள். பாதுகாப்புக்கு ஒரு வாக்கு, வீட்டுக்கு ஒரு வாக்கு. அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தெருவோரத்தில் கூடாரம் போட்டு உறங்குவோர் அந்நகரில் ஏராளம். ஆயினும் இரண்டும் தங்கள் பொறுப்பு என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வாறு பேசினால் நம்மிடையே இரண்டு தடைகள் எழும். அவற்றை மறைக்காமல் பேசுவோம்.

முதலாவது: "நம்மவர்களுக்கே வீடில்லை, வந்தவனுக்கு எதற்கு?" நியாயமான கேள்வி. நிலம் கொடுத்தவரின் பேரனும் ஒப்பந்தத் தொழிலாளியும் வாடகை வீட்டில் இருக்கையில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் ஓர் ஏழைக்குக் கூரை இல்லாமற் போவதற்கு இன்னொரு ஏழை காரணமாக இருப்பது அரிது. ஒரே பந்தியில் காத்திருக்கும் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வதால் சோறு கூடுவதில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்து இருவரும் சேர்ந்து குரல் கொடுத்தால் வழி பிறக்கும். பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசியோடு வந்தவரிடம் அங்கே ஊர் எது, சாதி எது என்று கேட்பதில்லை. அதனால் உள்ளூர்ப் பசி கூடிவிட்டது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இரண்டாவது: "வருகிறவர்களில் கெட்டவன் இருந்தால்?" 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் நடந்ததை இந்த மண் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதன் பிறகு முகாம்களின் மீது கண்காணிப்பு இறுகியது. குற்றம் செய்தவனை விசாரிப்பதும் தண்டிப்பதும் அரசின் கடமை. யோசுவாவின் அடைக்கல நகரிலும் வழக்கைக் கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். வேண்டுமென்றே கொன்றவனுக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒருவன் குற்றத்துக்கு ஒரு முகாமே தலைமுறை தலைமுறையாகச் சந்தேகப்படப்பட வேண்டும் என்று எந்த நீதி சொல்கிறது?

சரி, நெய்வேலியில் இருக்கும் நாம் என்ன செய்வது? நம் டவுன்ஷிப்பில் சாலையும் விளக்கும் குடிநீரும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே நகரமன்றத் தேர்தல் என்பதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. மூப்பர்கள் கூடும் நகர வாயில் நமக்கு இல்லையே என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. மூன்று வாயில்கள் நம் கையிலேயே இருக்கின்றன.

முதல் வாயில், நம் வீட்டு வாயில். நம் பங்கு மக்களில் பலர் ஓய்வுக்குப் பின் மந்தாரக்குப்பத்திலும், வடலூரிலும், இந்திரா நகரிலும் வீடு கட்டியிருக்கிறீர்கள். ஒரு பகுதியை வாடகைக்கும் விட்டிருக்கிறீர்கள். கதவைத் தட்டுகிறவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியாக இருக்கலாம். முகாமிலிருந்து வேலை தேடி வந்த இளைஞனாக இருக்கலாம். "மொழி தெரியாது, முகவரி சரியில்லை, வேண்டாம்" என்று சொல்வது எளிது. ஓர் அறையில் எட்டுப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது அதைவிட எளிது. இரண்டும் பாவமே. நகர்ப்புறங்களுக்கென்று 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைக்கச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. உங்கள் வீடு சிற்றூரில் இருந்தாலும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும் பணத்துக்கு ஒரு ரசீது, தண்ணீருக்கு ஒரு குழாய், ஒதுங்க ஒரு கழிப்பிடம்: இவை தருமம் அல்ல, கடன். 2020 அக்டோபரிலிருந்து பிற மாநில ரேஷன் அட்டைக்கும் நம் ரேஷன் கடையில் அரிசி வாங்க வழி உண்டு. இதை அறியாத குடித்தனக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இரண்டாம் வாயில், கிராம சபை. டவுன்ஷிப்புக்கு வெளியே ஊராட்சிகளில் வாழும் குடும்பங்களுக்கு இது நேராகப் பொருந்தும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. வீட்டு வசதித் திட்டங்களுக்குப் பயனாளிகளின் பட்டியலும் அங்கே வைக்கப்படுகிறது. மேசை போட்டிருக்கிறது, நாற்காலியும் காலியாக இருக்கிறது, நாம்தாம் போவதில்லை. நிலம் இழந்தவருக்கு மனைப்பட்டா வரவில்லையா, கூலித் தொழிலாளர் குடியிருக்கும் தெருவுக்குத் தண்ணீர் இல்லையா, எழுந்து கேளுங்கள். வந்தேறி என்று ஒதுக்கப்படுகிறவனுக்கு அந்தச் சபையில் வாக்கில்லை. வாக்குள்ளவன் வாயை மூடிக்கொண்டால் அவனுக்காகப் பேச யாருமில்லை.

மூன்றாம் வாயில், நம் கோவில் அலுவலகம். இதைக் கேட்டுச் சிலர் வியப்படையலாம். நம் பெட்டியில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு சாதாரணப் புத்தகமன்று. ஒரு குழந்தை எந்த நாளில், எந்த ஊரில், எந்தப் பெற்றோருக்குப் பிறந்தது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. சற்றுமுன் சொன்னேனே, 1987 ஜூலை என்ற அந்த எல்லையைப் பற்றி. அரசுப் பிறப்புச் சான்று தொலைந்துபோன ஓர் ஏழைக்கு, அல்லது பதிவே செய்யப்படாமல் போனவருக்கு, அந்தப் பழைய பதிவேட்டின் ஒரு வரி துணைச் சான்றாக நிற்கக்கூடும். ஆகவே பதிவேடுகளைச் செல்லரிக்காமல் காப்பதும், கேட்டு வருகிறவரை அலைக்கழிக்காமல் நகல் எழுதித் தருவதும் அடைக்கல ஊழியமே. நம் பங்கிலே அத்தகைய நகலுக்குக் காணிக்கை கேட்பதில்லை என்று இந்த யூபிலி நாளில் பங்குப் பேரவையின் ஒப்புதலோடு அறிவிக்கிறேன். பழைய பதிவேடுகளைப் படியெடுத்து வைக்க நல்ல கையெழுத்துள்ள இளைஞர்கள் நால்வர் முன்வந்தால் மகிழ்வேன்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வாரந்தோறும் வீடுகளைச் சந்திக்கிறீர்கள். இந்த ஆண்டு நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம் ஒன்றையும் உங்கள் சந்திப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சேலையும் மிஞ்சிய அரிசியும் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். வண்ணம் பூசியும், கட்டட வேலை செய்தும் உழைத்து உண்கிறவர்கள். இயேசு சபைத் தலைவர் அருட்தந்தை பேதுரு அருப்பே 1980-இல், வியட்நாமியப் படகு அகதிகளின் துன்பத்தைக் கண்டு அகதிகள் பணி அமைப்பைத் தொடங்கினார். அப்பணி நம் மாநிலத்து முகாம்களிலும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வந்திருக்கிறது. நம்மிடையே ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் எத்தனை பேர்! கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க, வேலை விண்ணப்பம் எழுத உதவ, உங்கள் நேரத்தைக் கொண்டுபோங்கள். அவர்கள் கதையைக் கேட்க உங்கள் காதையும் கொண்டுபோங்கள்.

பெத்லகேமில் இடம் இல்லை என்று சொன்னவர்களைப் பற்றிக் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்கள். நாமும் அந்தச் சத்திரக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதன் பிறகு திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடியதே, அங்கே அவர்களுக்கு யாரோ வீடு கொடுத்திருக்கிறார்கள். யார் என்று திருநூல் சொல்லவில்லை. பெயர் தெரியாத அந்த எகிப்தியன் யூதனும் அல்லன். ஆனாலும் ஏரோதின் வாளுக்கு எட்டாத ஒரு கூரையை அவன் கொடுத்தான். "நீ யார், எங்கிருந்து வந்தாய்" என்று விசாரித்திருப்பான். பிறகு உள்ளே விட்டிருப்பான்.

அந்த எகிப்தியனைப் போன்ற வீட்டுக்காரர்கள் நம் பங்கில் பெருகட்டும். கூரை உள்ளவனுக்குக் காகிதமும், காகிதம் உள்ளவனுக்குக் கூரையும் கிடைக்கும்வரை நம் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். குவார்ட்டர்சிலும் வாடகை வீட்டிலும் சொந்த வீட்டிலும் இருக்கும் நாம் அனைவரும் ஆண்டவருடைய குடித்தனக்காரர்களே என்பதை மறவாதிருப்போம்.

இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும், உங்கள் வாசலில் வந்து நிற்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.